கோந்து நடத்திய பள்ளிக்கூடம்

உலகத்தில் உள்ளதையெல்லாம் கடவுள்தான் படைத்தார் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அம்பத்தூருக்குக் குடிவந்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. மீன், யானை, மேகம், ரயில் எல்லாவற்றையும் பழைய அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டி, மைதாப் பசை தடவி ஒட்டியவர், எங்கள் பக்கத்துப் போர்ஷனில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெருவில் அவர் பெயர் கோந்து. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் ரேஷன் கடைக்காரரே, "கோந்துக்கு ரெண்டு கிலோ சர்க்கரை" என்றுதான் கூவுவார். அம்பத்தூர் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் காலை ஷிப்ட். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி ஒட்டி, அவர் விரல்கள் எப்போதும் ஒரு பிசுபிசுப்பிலேயே இருக்கும். அவரிடம் தினத்தந்தியை இரவல் கொடுத்தால் சினிமாப் பக்கம் அவர் கையோடு போய்விடும். பஸ்ஸில் அவர் டிக்கெட்டைத் தொலைத்ததாகச் சரித்திரமே இல்லை. அது உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவருக்கு ஒரே பெண். நாலு வயது. பெயர் தேன்மொழி. பெயரில் இருந்த மொழி வாயில் மட்டும் இல்லை. பேசத் தெரியாத குழந்தையல்ல. அப்பாவின் காதில் மட்டும் பேசும். அவர் குனிவார், அது அவர் காதுமடலைப் பிடித்து இழுத்து ஏதோ கிசுகிசுக்கும், அவர் நிமிர்ந்து உலகத்துக்கு அறிவிப்பார்: "பாப்பாக்குத் தண்ணி வோணுமாம்." "பாப்பாக்கு ஒங்க பொடவ புட்ச்சிருக்காம்." பெற்ற தாயான கன்னியம்மாவுக்கே பாதி நாள் அவர் மூலமாகத்தான் செய்தி போகும்.

நான் அப்போது பக்கத்தில் நர்சரியும் ஒன்றிரண்டு ஆரம்ப வகுப்புகளும் மட்டும் இருந்த ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். தேன்மொழியை என் வகுப்பில்தான் சேர்த்தார்கள். பத்து நாள் வந்தது. பத்து நாளும் ஒரு சொல் பேசவில்லை. பெயரைக் கேட்டால் கூரையைப் பார்க்கும். 'அ' சொல்லு என்றால் என் மூக்குத்தியைப் பார்க்கும். பதினோராம் நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பேசாத குழந்தைக்கு நாம என்னத்தச் சொல்லிக் கொடுக்கறது? பேச்சு வந்ததும் கூட்டிட்டு வரச் சொல்லிடுங்க. நீங்கதான் பக்கத்து வீடாச்சே, பக்குவமாச் சொல்லுங்க" என்றார்.

பக்குவமாகத்தான் சொன்னேன். கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஊமன்னு பேர் வெச்சிடுவாங்களே டீச்சரம்மா! அப்பால எந்த இஸ்கூல்ல சேப்பாங்கோ?" என்று அழுதாள். கோந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். 

மறுநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தியவர் நேராக என் வாசலுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, ஒங்க இஸ்கூல்ல ஒரு வருசத்துக்குப் பசங்களுக்கு இன்னா இன்னாதான் சொல்லிக் குடுக்கறீங்கோ? ஒரு லிஸ்டு குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். எழுத்து, எண், நிறம், மிருகம், பறவை, மழை, வண்டி. அவர் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"அவ்ளோதானா? வருசத்துக்கு அம்பது வாரம் கீது. வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சாக்கூட மிச்சம் நிக்குமே. நா பாத்துக்கறேன்."

"குழந்தை பேசாதே?"

"வாய்தானே பேசல? கை கீதே டீச்சரம்மா! கையி இன்னா தப்புப் பண்ணிச்சி?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் மீன் வாரம். தொழிற்சாலையிலிருந்து வேண்டாத அட்டைகளை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். கன்னியம்மாவின் பெரிய வாணலியில் மைதாப் பசை கொதித்தது. பசை கெடாமல் இருக்க எல்லோரும் மயில்துத்தம் போடுவார்கள். கோந்து போட மாட்டார். "பாப்பா கையி வாய்க்குப் போவும், அது விஷம்" என்பார். அதனால் அவர் செய்த எல்லாமே சுத்தமான தின்பண்டம். அவர் படைத்த உயிரினங்களில் பாதியை எறும்பும், கால்வாசியை எலியும், மிச்சத்தைத் தெருவில் போகிற மாடுகளும் தின்றன.

சினிமா நோட்டீசுகளை ரோஸ் ரோஸாக, பச்சை பச்சையாக வெட்டிச் செதில் ஒட்டினார்கள் அப்பாவும் பெண்ணும். துணிக்கொடியில் பதினேழு மீன்கள் ஆடின. தெருவில் இருந்த அத்தனை பூனைகளும் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன. சனிக்கிழமை, "மீனுக்கு அதோட சொந்தக்காரங்களக் காட்டணும்" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் அயனம்பாக்கம் ஏரிக்குப் போனார்கள். தண்ணீரில் விட்டதும் அது இரண்டு நிமிடம் கம்பீரமாக மிதந்தது. மூன்றாவது நிமிடம் கூழாகிவிட்டது. தேன்மொழியின் உதடு பிதுங்குவதைப் பார்த்த கோந்து சட்டென்று, "அது சட்டய அவுத்து வெச்சிட்டு உள்ளாற பூட்ச்சி பாப்பா, அவங்க ஊட்ல சோறு துண்ண!" என்றார். குழந்தை ஏரியைப் பார்த்து டாட்டா காட்டிவிட்டு வந்தது. அன்று ராத்திரி குழம்பு மீனைத் தொட மாட்டேன் என்று சைகை காட்டியதாம். கன்னியம்மா, "படிப்பு வந்து சாப்பாடு போச்சி" என்றாள்.

யானை வாரம் அதைவிட மோசம். அட்டையில் செய்த யானை சின்னதாக இருந்தது. யானை என்றால் பெரியது என்று குழந்தைக்கு எப்படிப் புரியும்? பின்பக்கத்து வீட்டுக் கறவை எருமை ஒன்று சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் சாக்குகளைப் போர்த்தி, கன்னியம்மாவின் இரண்டு முறங்களைக் காதாக்கி, காக்கித்தாளைச் சுருட்டித் தும்பிக்கை ஒட்டினார். தேன்மொழி கைதட்டிக் குதித்தது. எருமையும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவிழ்த்துவிட்டதும் அது வழக்கம்போல ஸ்டேஷன் பக்கம் நடையைக் கட்டியது.

ரயில்வே கேட் போட்டிருந்த நேரம். வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே யானை அசைந்து வந்தது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் வாழைப்பழம் நீட்டினாள். எருமை பழத்தை வாங்கித் தின்றுவிட்டு, அதே வேகத்தில் தன் தும்பிக்கையையும் தின்னத் தொடங்கியது. மைதா ஆயிற்றே! சொந்தத் தும்பிக்கையைத் தானே மென்று விழுங்கிய யானையைப் பார்த்த ஒரு லாரி டிரைவர் அன்று முதல் குடியை விட்டுவிட்டதாகத் தெருவில் பேச்சு. நான் அதற்குச் சாட்சியில்லை. ஆனால் கன்னியம்மா என்னிடம் வந்து நின்றதற்குச் சாட்சி.

"டீச்சரம்மா, ஊட்ல ஒரு மொறம் கீதா? ஒரு ஜல்லட கீதா? எத்த எடுத்தாலும் கண்ணு மூக்கு வரஞ்சி வெச்சிகீறாரு. இட்லித் தட்டப் பாத்தா எனுக்கே பயமா கீது, அது என்னப் பாத்துச் சிரிக்குது!"

எண் வாரத்தில்தான் பெரிய விபரீதம் நடந்தது. ஒன்று முதல் இருபது வரை எண்களை அழகாக வெட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டி, வீட்டுக்குள் இடம் போதாமல் தெருவில் வீடு வீடாக ஒட்டிவிட்டார். பாப்பா நடந்துகொண்டே எண்ண வேண்டுமல்லவா? பழைய கதவிலக்கங்கள் மங்கிக் கிடந்தன. கோந்தின் எண்களோ ஸ்டேஷனிலிருந்தே தெரிந்தன. கோந்து தன் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டது ஏழு. உண்மையான ஏழாம் நம்பர், நாலு வீடு தள்ளி இருந்த, எங்கள் இரண்டு போர்ஷனையும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருடையது. அவருடைய மகள் வசந்தாவைப் பெண் பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, கையில் பழத்தட்டு. ஏழாம் நம்பரைப் பார்த்து நேராகக் கோந்து வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் நாள்தான் நான் கோந்திடம், "வீட்டிலேயே இவ்வளவு சொல்லிக் கொடுக்கறீங்களே, யாராவது பெரியவங்க வந்து பார்த்தா அசந்துபோவாங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். பளிச்சென்று உடுத்தி மூன்று பேர் தட்டோடு வந்ததும், நான்தான் பரீட்சை வைக்க ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தபோது எல்லாம் கைமீறிவிட்டது.

"பொண்ணு என்ன படிச்சிருக்கா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மீனு, யானை முட்ச்சிட்டுது சார். இப்ப நம்பர் ஓடிகினு கீது" என்றார் கோந்து பணிவாக.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். "சமையல் தெரியுமா?"

"பசை காச்சும் சார். நா பக்கத்துல நிக்கணும்."

"பாட்டு ஏதாவது..."

"வாய் தொறக்காது சார். ஆனா எத்தக் குட்த்தாலும் நறுவிசா ஒட்டும்."

மாப்பிள்ளையின் அம்மா தாங்க முடியாமல், "முதல்ல பொண்ணக் கூப்பிடுங்க!" என்றாள். கோந்து உள்ளே போய், தலையில் அட்டைக் கிரீடமும் கன்னத்தில் மைதாவுமாகத் தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினார். அது மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தது. பிறகு அப்பாவின் காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தது. கோந்து நிமிர்ந்தார்.

"இவுரு மூக்கு பெருசா கீதாம். அட்டைல வெட்றதுக்கு ஷோக்கா இருக்குமாம்."

பெரியவர் மகனின் மூக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை சிரித்தார் பாருங்கள், சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கே வந்துவிட்டார். அதற்குள் நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி, அவர்களைச் சரியான ஏழாம் நம்பருக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரர் கோபத்தில் கோந்தைக் காலி பண்ணச் சொல்லிக் குதித்தார். மாப்பிள்ளைதான், "அந்தக் குழந்தை கல்யாணத்துக்கு வரும்னா எனக்குச் சம்மதம்" என்று சொல்லி இரண்டு காரியத்தையும் முடித்து வைத்தார். கல்யாணப் பந்தலில் தொங்கிய கிளிகள் எல்லாம் கோந்தும் பெண்ணும் செய்தவை. முகூர்த்தத்துக்குள் பாதிக் கிளிகளை எறும்பு தூக்கிப்போய்விட்டது, அது வேறு விஷயம்.

இப்படியே மழை வாரம், கோழி வாரம், தபால் வாரம் என்று மாதங்கள் ஓடின. தேன்மொழிக்கு எழுத்து தெரிந்தது. வெட்டி வைத்த எழுத்துகளைப் பொறுக்கி 'அம்மா' என்று தரையில் வரிசையாக வைக்கும். இருபது வரை எண்ணி விரல் காட்டும். ஆனால் பேச்சு மட்டும் அப்பாவின் காதைத் தாண்டி வரவில்லை. ஜூன் வந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். கன்னியம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். கோந்து வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "டீச்சரம்மா, கைய மட்டும் வெச்சிப் பரீச்ச எழுத ஒத்துக்குவாங்களா?"

மே மாதம் ரயில் வாரம். தெரு நீளத்துக்குப் பதினோரு பெட்டி வைத்த அட்டை ரயில் தயார். இஞ்சினுக்குச் சக்கரம் எத்தனை என்பதில் கோந்துக்கும் எனக்கும் தகராறு. "நேர்ல பாத்துடலாம் டீச்சரம்மா, லீவுதானே, நீங்களும் வாங்க" என்றார். பட்டாபிராம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். மூன்று பேரும் ஏறினோம். தேன்மொழிக்கு ஜன்னலோரம்.

ஆவடியில் வண்டி நின்றது. "தோ, எண்ணிட்டு வந்துடறேன்" என்று கோந்து இறங்கி இஞ்சினைப் பார்த்து ஓடினார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். இஞ்சினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. எதிரே இருந்த பூக்காரம்மாவிடம், "குழந்தையைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். அது நான் செய்த முட்டாள்தனம். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் கூட்டம். நாங்கள் இருவரும் தட்டுத்தடுமாறி ஓடிவருவதற்குள் எங்கள் பெட்டி எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் தேன்மொழி எங்களைப் பார்த்து டாட்டா காட்டியது.

கோந்து பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அது வாயத் தொறக்காதே டீச்சரம்மா... யார் பெத்த புள்ளன்னு கேட்டா இன்னா சொல்லும்? பேர் கூடச் சொல்லாதே... ஒரு வருசமா மீனும் யானையும் ஒட்டிகினு கெடந்தேனே, பேரச் சொல்லுன்னு சொல்லிக் குடுக்கலியே நானு!"

நான் அவரை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினேன். அவர் நல்ல மனிதர். உடனே அடுத்தடுத்த ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தார். இருபது நிமிடம் காத்திருந்தோம். கோந்து சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்தே விட்டார். மணி அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார், தலையாட்டினார், சிரித்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"பட்டாபிராம்ல ஒரு பொண்ணு இருக்காம். பூக்காரம்மா ஒருத்தங்க இறக்கிவிட்டிருக்காங்க. நாலஞ்சு வயசு. வாயை மூடவே மாட்டேங்குதாம். காது வலிக்குது, சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்கங்கறாங்க."

கோந்தின் முகம் விழுந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்ப அது எம் பொண்ணு இல்ல சார்! எம் பொண்ணு பேசாது சார். அது வேற யாரோ. நல்லாத் தேடச் சொல்லுங்க சார்!"

அவரை நம்பவைத்து அடுத்த வண்டியில் ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பட்டாபிராமில் இறங்கி அறை வாசலுக்குப் போகும்போதே குரல் கேட்டது. சன்னமான, கறாரான குரல்.

"அப்பிடி இல்ல தாத்தா. மொதல்ல மடிக்கணும். அப்பால கிழிக்கணும். எங்க நைனா சொல்லிச்சி."

ஒரு வயதான போர்ட்டர் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு, பழைய டைம் டேபிளைப் பயபக்தியோடு மடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஏழெட்டுக் காகித ரயில் பெட்டிகள். வந்ததும் வராததுமாகப் போர்ட்டர் எங்களிடம் சொன்னார்: "இன்னா பேச்சுமா இது! பேரு சொல்லிச்சி, அம்மா பேரு சொல்லிச்சி, ஊரு சொல்லிச்சி. நைனா பேரு கோந்தாம். ஊடு ஏழாம் நம்பராம், ஆனா அது பொய் நம்பராம், மூக்குப் பெரிய மாப்ளயக் கேட்டாத் தெரியுமாம். ஒண்ணும் புரியல. நைனா சக்கரம் எண்ணிகினு கீறாரு, எண்ணி முட்ச்சதும் வருவாரு, அதுக்காண்டி யாரும் அழக்கூடாதுன்னு எங்களுக்குத் தைரியம் வேற சொல்லிச்சி."

கோந்து மண்டியிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டார். அவர் அழுகை அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு கேட்டார்: "ஏம் பாப்பா, இத்தினி நாளாப் பேசலியே, இன்னிக்கு மட்டும் எப்டி பேசுன?"

தேன்மொழி இந்தக் கேள்வியே அசட்டுத்தனம் என்பது போல அவரைப் பார்த்தது.

"நீதான் இல்லியே நைனா. அப்ப நாந்தானே சொல்லணும்?"

திரும்பி வரும் வண்டியில் முறுக்கு விற்பவன் வந்தான். குழந்தை வழக்கம்போல அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் குனியத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அது சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "முறுக்கு குடு அண்ணாத்தே!" என்று கத்தியது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சக்கரத்தின் எண்ணிக்கையை நாங்கள் இருவருமே கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

ஜூனில் தலைமையாசிரியை முன்னால் தேன்மொழி நின்றது. "உன் பேர் என்ன?" என்றார் அவர். "தேன்மொழி. ஒன் பேர் இன்னா?" என்றது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தது. அந்த வருஷம் அந்த வகுப்பை எனக்கே கொடுத்திருந்தார்கள். பேசாத குழந்தை என்று திருப்பி அனுப்பப்பட்ட அதுவே, அதன் பிறகு என் வகுப்பில் அதிகம் பேசியதற்காக வாரம் மூன்று தடவை பெஞ்சு மேல் ஏறியது.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கோந்து வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். விரல்கள் சுத்தமாகக் கழுவியிருந்தன. கன்னியம்மாவின் வாணலி பளபளவென்று ஆணியில் தொங்கியது.

"எல்லாம் நல்லபடியா பூட்ச்சி டீச்சரம்மா" என்று சிரித்தார். "ஷிப்ட் ரெண்டு மணிக்கே முட்ஞ்சிடுது. அப்பால பொழுதுதான் நவுர மாட்டேங்குது."

நான் உள்ளே போய், முகம் கழுவி, காப்பி போட்டேன். குடிக்க மனம் வரவில்லை. திரும்ப வெளியே வந்தேன்.

"அடுத்த வாரம் ஒட்டகப் பாடம் நடத்தணும். குழந்தைங்க யாரும் ஒட்டகத்தப் பாத்ததே இல்ல. எனக்கு வெட்ட வராது. நாப்பது குழந்தைக்கும் தெரியற மாதிரி பெரிசா ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்த வேகத்தில் லுங்கி படியில் மாட்டிக் கிழிந்தது. "கன்னீ, மைதா கீதா?" என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினார்.

எங்கள் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒட்டகம் எதுவும் கிடையாது.